ஒளியால் எழுதும் ஏடு
(வெள்ளி விழாவையொட்டி ஜமுனாமரத்தூரில் ஆற்றிய உரை)

 

தம் பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகள், ஆரிங்டன் துரை வழியாக, சென்னையில் அதிகாரியாயிருந்த எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றன என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். எழுத்தறிவே ஆகாதென்று ஒதுக்கப்பட்ட மக்களின் இல்லத்தில் குறள் காக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள். ஓலையைச் செல் அரிக்கும். தலைமுறைதோறும் எவரேனும் அமர்ந்து படியெடுக்க வேண்டும். படியெடுப்பார் இல்லாத ஏடு மண்ணாகும். இதனை மனத்திற்கொண்டு, இக்காலத்து ஏடுகளைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

இக்காலத்தில் எழுதுவதும் படிப்பதும் ஒளியே. நமது ஜவ்வாது மலையிலே, காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திற்குக் கொடைக்கானலிலும் ஓர் ஆய்வகம் உண்டு. அங்கு 1904 முதல் கதிரவனைப் படம்பிடித்த தகடுகளும் பிலிம்களும் சேர்ந்திருந்தன. அவை பழுதாகுமுன், ஒளியைப் பாய்ச்சி, மின்னணுப் படக்கருவியால் படித்து, எண்களாக மாற்றிச் சேமித்துள்ளனர்.

இன்னும் நுண்ணிய எழுத்துக்கு லேசர் வேண்டும். 1960-இல் அமெரிக்க அறிஞர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். விளக்கொளி சந்தைக் கூட்டம்போல் சிதறும். லேசரின் அலைகளோ அணிவகுப்புப்போல் ஒரே ஒழுங்கில் செல்லும். ஆதலால் அதனை மிகச் சிறு புள்ளியாகக் குவிக்கலாம். 1974-இல் அமெரிக்கக் கடையொன்றில், பொருளின் மேலிருந்த கோட்டுக் குறியீட்டை லேசர் படித்தது. கருங்கோடு ஒளியை விழுங்கும், வெண்மை திருப்பியனுப்பும். 1982-இல் வெளிவந்த குறுந்தட்டில் பள்ளங்கள் சுருளாக அமைந்துள்ளன. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். பள்ளத்தின் விளிம்பில் திரும்பும் ஒளி மாறும். மாறினால் 1, மாறாவிடில் 0.

குறுந்தட்டு ஒரு பரப்பில் மட்டுமே எழுதும். ஹோலோகிராம் வேறு வகை. அதனை 1947-இல் கண்டறிந்த டென்னிஸ் காபர் 1971-இல் நோபல் பரிசு பெற்றார். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மீது பட்டு வரச் செய்து, மற்றொன்றை நேரே தகட்டில் விழச் செய்தால், இரண்டும் கலந்த நுண்கோலம் அதில் பதியும். பின்னர் அதே ஒளியைப் பாய்ச்சினால், பொருள் கனவடிவுடன் கண்முன் தோன்றும். வாக்காளர் அட்டையில் மின்னும் வெள்ளிநிற வில்லை இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒளி விழும் கோணத்தை மாற்றி, தடித்த படிகத்தில் ஒரே இடத்தில் பல பக்கங்களைப் பதிக்கலாம் என்று 1963-இல் வான் ஹீர்டன் எடுத்துக் கூறினார். ஆய்வகங்களில் அது நிறைவேறியது. அன்றாடப் பயனுக்கு இன்னும் பரவவில்லை.

இளைஞர்களே! எந்தத் தட்டும் என்றும் நிலைப்பதன்று. குறுந்தட்டைப் படிக்கும் கருவியே இன்று அரிதாகிவிட்டது. ஓலைக்குரிய விதியே ஒளிக்கும் உரியது. 1892-ஆம் ஆண்டு அரசாணையால் நம் மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலம், பிற வகுப்பாருக்கு விற்கலாகாதென்ற நிபந்தனை இருந்தும், பெருமளவு கைமாறிப் போயிற்று. மீட்கச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது ஆவணம். ஆவணம் இல்லையெனில் நியாயம் இருந்தும் வாயடைத்து நிற்க நேரிடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். இச்சங்கத்தின் 25 ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும், நம் குடும்பங்களின் பட்டா, சான்றிதழ்களையும் வருடிப் பதிந்து, மூன்று தனித்தனி இடங்களில் வையுங்கள், மூலத்தையும் எறிந்துவிடாதீர்கள், சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகப் படியெடுங்கள். அடுத்து, உங்களிற் சிலரேனும் இயற்பியல் பயிலுங்கள். பிறர் செய்த கருவியை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், அதனைச் செய்யவும் திருத்தவும் வல்லவராகுங்கள்.

ஹோலோகிராம் தகடு உடைந்தாலும், தெளிவு குறையுமேயன்றி, ஒவ்வொரு துண்டிலும் முழு உருவமும் தெரியும். நம் வரலாறும் அவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். கந்தப்பன் அன்று தம் வீட்டில் செய்த பணியை இன்று நீங்கள் உங்கள் வீட்டில் தொடங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.