குழந்தையும் குருதி ஏற்றலும்

வைத்தியசாலைக்குப் புறப்படும் குழந்தைக்கு வீட்டார் முதன்முதற் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ஒரு பொய்யாகவே இருக்கிறது. "அம்மம்மா வீட்டுக்குப் போவம்" என்கிறார் தாய். "டொக்டர் ஐயா சும்மா தொட்டுப் பார்ப்பார்" என்கிறார் தந்தை. "நோகாது பிள்ளை, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்கிறார் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மூதாட்டி. மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் ஊசி குத்திய கணத்தில் அச்சொற்கள் அனைத்தும் குழந்தையின் மனத்தில் உடைந்து வீழ்ந்துவிடுகின்றன. ஒரே நாளோடு முடியும் சிகிச்சையாயின் அந்த உடைவு நாளடைவில் மறக்கப்படலாம். மாதந்தோறும் ஆண்டுதோறும் தொடரவேண்டிய சிகிச்சையாயின் அது மறக்கப்படுவதில்லை.

அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்று, தலசீமியா என்னும் நோயுடன் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யப்படும் குருதி ஏற்றலாகும். இந்நோயை 1925ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் தோமஸ் கூலி விவரித்தார். கடல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. மத்தியதரைக் கடலோரக் குடும்பங்களிற் கண்டதாற் பெற்ற பெயர் அது. ஆயினும் நோய் அக்கடலோடு நின்றுவிடவில்லை. இலங்கையிலும் அது உண்டு. குருநாகலில் இந்நோயாளருக்கெனத் தனிச் சிகிச்சை நிலையமே இயங்குகிறது. பெற்றோர் இருவரும் நோயின்றியே அதன் மரபணுவைக் காவுபவராயின், ஒவ்வொரு கருவுக்கும் 4இல் 1 பங்கு நோய்வாய்ப்பு உண்டு. ஆகவே திருமணத்தின் முன் செய்யும் ஓர் எளிய குருதிப் பரிசோதனை பின்வரும் பல துயரங்களை முன்னறிவிக்க வல்லது.

கடுமையான தலசீமியாவுடன் பிறந்த குழந்தையின் உடல், உயிர்வளியைச் சுமக்கும் செங்குழியங்களைப் போதிய அளவு நன்றாக ஆக்கிக்கொள்வதில்லை. முதலிரண்டு வயதுக்குள் குழந்தை வெளிறி, சோர்ந்து, வளர்ச்சி குன்றத் தொடங்கும். அதன்பின் 2 முதல் 5 வாரங்களுக்கு ஒருமுறை பிறர் தந்த செங்குழியங்கள் அதன் நாளத்தினூடாக ஏற்றப்படல் வேண்டும். ஒவ்வொரு முறையும் 3 அல்லது 4 மணி நேரம் செல்லும். ஏற்றப்படும் குருதியோடு இரும்பும் சேர்ந்து வருகிறது. அதனை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாமையால், அதற்கெனத் தனி மருந்தும் நாள்தோறும் வேண்டும். இவற்றை ஒழுங்காகப் பெறும் பிள்ளைகள் இன்று படித்து, தொழில் செய்து, முதிர்ந்த வயதுவரை வாழ்கின்றனர். அந்த ஒழுங்கு குழந்தையின் இசைவிலும் தங்கியிருக்கிறது என்பதே இங்கு கருதத்தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமம் ஒன்றிலே நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிச் செல்வது எளிதாக இருந்தது. நடக்கவும் நினைக்கவும் கற்றபின் அவளை அழைத்துச் செல்லக் காரணங்கள் தேவைப்பட்டன. ஒருநாள் கோயில் என்றனர்; மறுமுறை சந்தை என்றனர். ஒரு காலை பேருந்து வைத்தியசாலைச் சந்தியில் திரும்பியதும், அவள் இருக்கையின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். இறக்க முடியவில்லை. தந்தை விரல் விரலாகப் பிரித்தெடுத்துத் தூக்கிச் சென்றார். அன்று மூன்று பேர் பிடித்த பின்னரே ஊசி ஏறிற்று. அதனினும் பெரிய கேடு அடுத்த வாரம் தெரிந்தது. மெய்யாகவே கோயிலுக்குப் புறப்பட்ட நாளிலும் அவள் படலையைத் தாண்ட மறுத்தாள். தாயின் சொல் எதுவும் அவளிடம் செல்லாக் காசாகிவிட்டது.

விடுதியின் முதிய தாதி தாயிடம் ஒரு சொல் சொன்னார்: "இனிமேல் பொய் சொல்லாதையுங்கோ அம்மா. நீங்கள் சொல்லுறதை அவள் நம்பாட்டில், நாங்கள் சொல்லுறதை எப்பிடி நம்புவாள்?"

அடுத்த தடவைக்கு முதல்நாள் மாலை, தாய் மகளை மடியில் இருத்திக்கொண்டார்.

"நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போறம், பிள்ளை. இரத்தம் ஏத்துற நாள்."

"ஊசி போடுவினமோ?"

"ஓம், போடுவினம்."

"நோகுமோ?"

"குத்தேக்கை நோகும். பிறகு குறைஞ்சிடும்."

சிறுமி அழுதாள். நெடுநேரம் அழுதபின் ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்கள் எங்கை நிப்பீங்கள்?"

"உனக்குப் பக்கத்திலைதான்."

அக்குழந்தையின் அச்சத்தின் நடுவே இருந்த கேள்வி இதுவே. நோவைக் காட்டிலும் தனிமையே சிறு குழந்தைகளை வாட்டுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பிய வைத்தியசாலைகளிலே பெற்றோர் குழந்தைகளைக் காண்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. தாயைக் கண்டால் குழந்தை அழும், காணாவிடில் அமைதியாயிருக்கும் என்பது அக்கால எண்ணம். பிரித்தானியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் றொபேட்சன் என்பார், வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி 1952ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் வெளியிட்டார். அந்த அமைதி ஆறுதலன்று, அடங்கிப்போன துயரமே என்பதை அப்படம் காட்டிற்று. 1959ஆம் ஆண்டில் அந்நாட்டின் பிளற் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து காணவும், சிறு குழந்தைகளோடு தாயார் தங்கவும் இடமளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தாய் அருகிருக்கையில் குழந்தை அழுவது சிகிச்சைக்கு இடையூறன்று. அழுவதற்குரிய இடம் தனக்கு உண்டெனக் குழந்தை உணர்வதன் அடையாளம் அது.

எப்போது சொல்வது என்பதும் சிந்திக்கத்தக்கது. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு நாளை என்பதே தெளிவில்லாத சொல். அதற்கு முதல்நாள் மாலையிலோ அன்று காலையிலோ சொன்னாற் போதும். நான்கு முதல் ஆறு வயதினருக்கு ஓரிரு நாள் முன்னரும், பள்ளிப் பருவத்தினருக்குச் சில நாள் முன்னரும் சொல்லலாம். மிக முந்திச் சொன்னால் அச்சம் வளரும். சொல்லாமலே விட்டால் நம்பிக்கை அழியும்.

என்ன சொல்வது? கண் காண்பதையும், காது கேட்பதையும், தோல் உணர்வதையும் சொல்லவேண்டும். கையைத் துடைக்கும் மருந்து குளிரும். மேற்கையில் கட்டும் பட்டி இறுக்கும். ஊசி குத்தும்போது நோகும். நாளம் அகப்படாவிடின் இரண்டாம் முறையும் குத்த நேரலாம். ஒன்றைத் தவறாது சொல்லல் வேண்டும்: ஊசி வெளியே எடுக்கப்பட்டுவிடும், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மாத்திரமே உள்ளே தங்கும். நான்கு மணி நேரமும் தன் கையினுள் ஊசியே கிடக்கிறது என்று நம்பி, மரம்போல் விறைத்திருக்கும் குழந்தைகள் பலர்.

குழந்தை கேளாத கேள்விகளும் உண்டு. தான் செய்த குற்றத்திற்கே இத்தண்டனை என்று பல குழந்தைகள் வாய்திறவாமல் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு வித்திடுபவர் வளர்ந்தோரே. "குழப்படி செய்தால் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டாத வீடு அரிது. நோயுள்ள குழந்தையின் வீட்டிலே அவ்வசனம் ஒருநாளும் ஒலித்தல் ஆகாது. "நீ ஒரு பிழையும் செய்யேல்லை, உன்ரை உடம்புக்கு இரத்தம் காணாது, அதுதான் குடுக்கினம்" என்று பலமுறை சொல்லவேண்டும். அந்த இரத்தம் யாருடையது என்று கேட்டால், முகமறியாத ஒருவர் விரும்பிக் கொடுத்தது என்று சொல்லலாம். உலகில் நல்லவர் உளர் என்பதற்கு அக்குழந்தைக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

சொல்லைக் காட்டிலும் விளையாட்டு ஆழமாகப் பதியும். துணிப் பொம்மை ஒன்று, ஒரு நூல், கழுவிய சிறு போத்தல் ஒன்று ஆகியன போதும். போத்தலை யன்னற் கம்பியிற் கட்டி, நூலைப் பொம்மையின் கையோடு இணைத்துக் குழந்தையையே வைத்தியராக்கிவிடலாம். அச்சிறுமி தன் பொம்மைக்கு மூன்று தடவை குத்தினாள். நான்காம் தடவை, "அழலாம், கையை மட்டும் ஆட்டாதை" என்று அதற்குச் சொன்னாள். தனக்கு நேர்வதைத் தானே நடத்திப் பார்க்கும் குழந்தை, அதனை ஓரளவேனும் ஆளத் தொடங்குகிறது.

சிகிச்சை நாளன்று, வைத்தியர் தடுத்தாலன்றிக் குழந்தைக்கு உணவும் போதிய நீரும் கொடுத்தல் நன்று. உடலில் நீர் நிறைந்திருந்தால் நாளம் எளிதில் அகப்படும். கையை இளஞ்சூடாக வைத்திருப்பதும் உதவும். தோலை மரக்கச் செய்யும் களிம்பு கிடைக்குமிடத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே அதனைப் பூசி மூடிவைத்தல் வேண்டும். கட்டிலிற் கிடத்தி நால்வர் அமுக்குவதினும், தாயின் மடியில் மார்போடணைத்து இருத்துதல் மேலானது. குழந்தைக்குத் தெரிவு கொடுக்கலாம்; ஆனால் மெய்யான தெரிவாக அது இருத்தல் வேண்டும். "ஊசி போடட்டோ?" என்று கேட்பது தவறு, ஏனெனில் வேண்டாம் என்ற விடையை ஏற்க எவராலும் இயலாது. "எந்தக் கையிலை?" என்றும், "பார்க்கப் போறியோ, கண்ணை மூடப் போறியோ?" என்றும் கேட்பது தகும். குத்தும் வேளையில் மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல் நீண்ட மூச்சுவிடச் செய்தால், உடல் இளகி நோவு சிறுக்கும்.

பின்னர் வருவன நீண்ட மணித்தியாலங்கள். குழந்தைக்கு நான்கு மணி நேரம் என்பது எல்லையில்லாக் காலம். அதனைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்கவேண்டும். முதலிற் கதை, அடுத்துச் சித்திரம், பின் உணவு, அதன்பின் உறக்கம் என ஒழுங்கமைத்தால், குழந்தை முடிவை நோக்கி நடப்பதாக உணரும். குருதி ஏறத் தொடங்கியதும் தாதி அடிக்கடி வந்து காய்ச்சலும் நாடியும் பார்ப்பார் என்பதை முன்னரே சொல்லிவைத்தால் அவ்வரவு அச்சமூட்டாது.

இங்கே உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. குருதி ஏறும்போது சிலருக்கு உடல் நடுங்கலாம், தோல் கடிக்கலாம், முதுகு நோகலாம், மூச்சு முட்டலாம். இவை தோன்றியவுடன் தாதிக்குத் தெரிவித்தல் இன்றியமையாதது. வாய்திறவாத பிள்ளையே நல்ல பிள்ளை என்று பழக்கப்பட்ட குழந்தை, இவற்றையும் சொல்லாது பொறுத்திருக்கக் கூடும். ஆதலால் அழுகையை அடக்கும்படி கட்டளையிடுதல் இரக்கமின்மை மட்டுமன்று, ஆபத்துமாகும். "என்ன செய்தாலும் உடனை சொல்லு, ஒருத்தரும் பேசமாட்டினம்" என்பதே குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய பாடம்.

வீடு திரும்பியபின் "என்ரை பிள்ளை அழவேயில்லை" என்று புகழ்வதும் நன்றன்று. அடுத்த முறை அழ நேர்ந்தால் அப்புகழை இழந்துவிடுமே என்று குழந்தை அஞ்சும். கையை அசையாது வைத்திருந்ததையும், குளிர்ந்ததைச் சொன்னதையும் குறிப்பிட்டுப் பாராட்டல் வேண்டும். பள்ளிக்கூடத்திற்கும் இதிற் பங்குண்டு. மாதத்தில் ஒருநாள் வாராத பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் காரணம் கேட்கும் ஆசிரியர், வைத்தியசாலை ஆற்றிய பணியைக் குலைக்கிறார். பெற்றோர் முற்கூட்டி அறிவிப்பதும், ஆசிரியர் விடுபட்ட பாடத்தை அமைதியாக எடுத்துக் கொடுப்பதும், இந்நோய் தொற்றாது என்று பிற பிள்ளைகளுக்கு விளக்குவதும் சிறு கடமைகளே. அவற்றாற் பிள்ளை பெறும் துணையோ பெரிது.

அச்சிறுமி இன்றும் ஊசிக்கு அழுகிறாள். அழமாட்டாள் என்று எவரும் அவளிடம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பேருந்து அந்தச் சந்தியில் திரும்பும்போது கம்பியைப் பற்றுவதில்லை; எங்கே போகிறோம் என்பதை வீட்டிலேயே அறிந்துதான் ஏறியிருக்கிறாள். சென்ற முறை பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு சிறுவன் வந்தான். நோகாது, நோகாது என்று அவனுடைய தாய் தேற்றிக்கொண்டிருந்தார். சிறுமி தன் பொம்மையை அவன் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "நோகும் தம்பி. பிறகு குறைஞ்சிடும். உன்ரை அம்மா பக்கத்திலை நிப்பா."

சிறுவன் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தான். அன்று காலை முதல் அவன் கேட்ட முதல் உண்மை அதுவே.