ஊர்ச் சங்கத்துக்கு ஓர் இணையதளம்



அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். இரும்பாலைகளால் வளர்ந்த ஊர். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி கொடுத்த பணத்தில் 1895-இல் அங்கே பெரிய பொது நூலகம் ஒன்று எழுந்தது. மக்களுக்கு இலவசம் என்று அதன் வாசலுக்கு மேலே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1990களின் நடுவில், அந்த நூலகம் இன்னொரு வேலையையும் கையில் எடுத்தது. உள்ளூர்த் தொண்டு அமைப்புகளும் மன்றங்களும் இணையத்தில் தங்களுக்கென்று பக்கங்கள் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது, பயிற்சியும் கொடுத்தது. அந்த ஊரில் கூடும் மூன்று ஆறுகளை நினைத்து, 'த்ரீ ரிவர்ஸ் ஃப்ரீநெட்' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

இதை ஏன் ஒரு நூலகம் செய்ய வேண்டும்? கணினி நிறுவனம் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். காசு கொடுத்தால் அழகான தளம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த ரத்ததான முகாமின் தேதியை அதில் மாற்றப்போவது யார்? சங்கத்தில் யாருக்கும் அது தெரியாவிட்டால், போன வருடத்து முகாமுக்குத்தான் தளம் இன்னமும் அழைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பக்கத்தைச் செய்து கொடுப்பதைவிடச் செய்யக் கற்றுக்கொடுப்பது பெரிய உதவி என்கிறேன். இன்னொன்று, தகவலை வகை பிரித்து, தேடுகிறவர் கைக்கு எட்டும்படி வைப்பது நூலகருக்குத் தொழில். முதியோர் உதவி எங்கே, இலவசப் பாடம் எங்கே என்று கேட்டு வருகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். எந்தத் தகவல் பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இலவசமாக இடம் தரும் நிறுவனங்களும் உண்டு. ஒரு காலத்தில் 'ஜியோசிட்டிஸ்' அப்படித்தான் இருந்தது. லட்சக்கணக்கானோர் அதில் பக்கம் வைத்திருந்தார்கள். 1999-இல் யாஹூ அதை வாங்கியது. ஜப்பான் நீங்கலாக, 2009-இல் மூடியது. இணைய ஆவணக் காப்பகம் போன்றவர்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்தவை தப்பின, மற்றவை போயின. வணிக நிறுவனத்துக்குக் கணக்கு சரிவராவிட்டால் கதவைச் சாத்திவிடும். நூலகமோ ஊரின் சொத்து.

சங்கத்துக்கு உள்ளேயும் ஒரு ஆபத்து இருக்கிறது. தளத்தின் முகவரியைப் பெரும்பாலும் விவரம் தெரிந்த ஒரு இளைஞர் தன் பெயரில் பதிவு செய்வார். வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். புதுப்பிக்கும் கட்டணம் கட்ட ஆளில்லாமல் முகவரியே வேறொருவர் கைக்கு மாறும். ஆகவே பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். அறிவிப்பைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறி கண்டுபிடிக்கும், பார்வையற்றவரின் கைப்பேசியும் வாசித்துக் காட்டும்.

நம் ஊர் நூலகமும் நம் சொத்துதான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன் பின்னால் இருந்தது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு. அந்தச் சட்டத்தின்படி இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நீங்கள் ஒரு மகளிர் குழுவிலோ வாசகர் வட்டத்திலோ இருந்தால், இந்த வாரம் உங்கள் கிளை நூலகருடன் உட்கார்ந்து பேசுங்கள். கணினி ஒன்றும், வாரத்தில் ஒரு மாலையும், சொல்லித்தர ஒரு கல்லூரி மாணவரும் போதும். இணையப் பக்கம் அமைக்கும் பயிற்சியை நூலகத்திலேயே தொடங்கலாமா என்று கேளுங்கள்.