நீங்க வாங்கின ஷேர் எங்க இருக்கு?



புதுசா பங்குச்சந்தைக்கு வர்ற தம்பி தங்கைகளுக்காக ஐடி விங் நடத்துன இணையவழி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம் இது. இன்னைக்கு அரசியல் இல்லை, உங்க சம்பளப் பணத்தைப் பத்தின பேச்சு மட்டும்தான்.

எல்லாரும் முதல்ல கேக்குறது, "எந்த ஷேர் வாங்கலாம்?" அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, "நான் வாங்குற ஷேர் எங்க இருக்கும்?"

போன்ல இருக்குற ஆப் வெறும் வாசல்தான். நீங்க வாங்கும் பங்கு, உங்க பெயரில் உள்ள டீமேட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் டெபாசிட்டரிகள் இந்தியாவில் இரண்டே இரண்டு. 1996-ல் தொடங்கிய என்எஸ்டிஎல், 1999-ல் தொடங்கிய சிடிஎஸ்எல். இன்னைக்கு வாங்கினா அடுத்த வேலை நாளில் பங்கு அங்க வந்து சேரணும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மோசடிக் கும்பல் மாட்டுற இடமே இதுதான்.

அவங்க வேலை எப்படி நடக்குதுன்னு பாருங்க. கேட்காமலே உங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பாங்க. தினமும் "எனக்கு லாபம் வந்துச்சு"ன்னு ஸ்க்ரீன்ஷாட் வரும். அப்புறம் ஒரு லிங்க், ஒரு ஆப். 50,000 போட்டா திரையில் 5 லட்சம் காட்டும். நம்பிக்கை வரணும்னு முதல்ல 2,000 எடுக்கவும் விடுவாங்க. பெரிய தொகையை எடுக்கப் போனா, "முதல்ல வரி கட்டுங்க"ம்பாங்க. அந்த 5 லட்சம் எங்கேயும் இல்லை. திரையில் டைப் பண்ணின எண், அவ்வளவுதான். லாபத்துக்கான வருமான வரியை நாம அரசுக்குத்தான் கட்டுவோம். பணத்தை விடுவிக்க ஆப்காரனுக்கு வரி அனுப்புற நடைமுறையே கிடையாது.

அதனால நாலு விஷயம் செய்யுங்க.

1. கணக்கு தொடங்கும் முன், அந்த புரோக்கர் பெயரும் பதிவு எண்ணும் செபி இணையதளத்தில் இருக்கான்னு பாருங்க. லிங்கைத் தொட்டுப் போகாதீங்க, முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க. ஆப்பையும் புரோக்கரின் சொந்த இணையதளம் வழியாவே இறக்குங்க.

2. தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ, ஒவ்வொரு தடவையும் மாறுற யுபிஐ ஐடிக்கோ ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க.

3. முதல் தடவை ஒரே ஒரு பங்கு வாங்குங்க. மறுநாள் சிடிஎஸ்எல்-இன் 'ஈஸி' அல்லது என்எஸ்டிஎல்-இன் 'ஐடியாஸ்' சேவையில் நீங்களே உள்நுழைந்து பாருங்க. பங்கு அங்க தெரிஞ்சா மட்டும் அடுத்த அடி.

4. ஐபிஓ-வுக்கு விண்ணப்பிச்சா பணம் உங்க வங்கிக் கணக்கிலேயே பிளாக் ஆகி நிற்கும். ஒதுக்கீடு கிடைச்சாத்தான் போகும். "ஒதுக்கீடு உறுதி, இப்பவே பணம் அனுப்பு"ன்னா அது பொய்.

ஒரிஜினல் ஆப்பிலும் ஒரு குழி இருக்கு. அதுக்குப் பேர் எஃப் அண்ட் ஓ. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளைப் பார்த்து செபி வெளியிட்ட ஆய்வுப்படி, அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீங்க. கடன் வாங்கியோ, அவசரச் செலவுக்கு வைத்த பணத்திலோ எந்தப் பங்கும் வாங்காதீங்க.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்களா? வெக்கப்பட்டு உட்காராதீங்க. உடனே 1930-க்கு அழைங்க, வங்கிக்கும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தளவுக்குப் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம். பதிவு பெற்ற புரோக்கர் மேல் புகார்னா செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம் இருக்கு.

ஓய்வூதியப் பணத்தோட இருக்குற அப்பா அம்மாவுக்கும் இதை அனுப்புங்க தோழர்களே. இந்தக் கும்பல் அவங்களையும் தேடுது. பங்கு டீமேட்ல தெரியலன்னா, அந்தப் பங்கே இல்லைன்னு அவங்களுக்கும் சொல்லி வைங்க.