கிருமி ரத்தத்தில் பரவும்போது கல்லீரலைக் காப்பது எது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதார உபகுழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி இரண்டு கேள்விகள் கேட்கிறாங்க. "காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் பரவி ஈரலையும் பாதிச்சிருக்குன்னு சொல்றாங்க. குடிப்பழக்கமே இல்லாதவங்களுக்கு ஈரல் எப்படிங்க கெடும்?" இது முதல் கேள்வி. "கடையில் விக்கிற ஆன்டி-ஆக்ஸிடன்ட் டானிக் வாங்கிக் கொடுத்தா ஈரலைக் காப்பாத்தலாமா?" இது இரண்டாவது. இரண்டுக்கும் இன்று பதில் சொல்லப் பார்க்கிறோம். முடிவில் ஒரு தீர்மானமும் கொண்டு வந்திருக்கிறோம்.

செப்சிஸ் என்றால் என்ன?

"ரத்தத்தில் விஷம் ஏறிப்போச்சு" என்று ஊரில் சொல்கிறோமே, அதைத்தான் டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலோ, பிரசவம் அல்லது கருக்கலைப்புக்குப் பிறகு கருப்பையிலோ கிருமி நுழைகிறது. அதை எதிர்க்க உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டம் கட்டுக்கடங்காமல் போய், உடம்பின் சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பித்தால் அதுதான் செப்சிஸ். வயல்வேலை செய்கிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சலும், உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸும்கூட முற்றினால் இந்த நிலைக்குக் கொண்டுபோகும். இரண்டுமே கல்லீரலைத் தொடக்கூடியவை.

இது எங்கோ ஒருத்தருக்கு வருகிற நோய் இல்லை. 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது என்றும், சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் அதையொட்டி இறந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அடி ஏன் ஈரலில் விழுகிறது?

கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் முக்கால் பங்கு குடலில் இருந்து நேராக வருகிறது. சோறு, குழம்பின் சத்து மட்டுமல்ல, குடலில் இருக்கிற கிருமிகளின் கழிவும் அந்த வழியாகத்தான் வரும். அதனால் ஈரலுக்குள் வாசற்காவல் மாதிரி ஒரு படை நிற்கிறது. குப்ஃபர் செல்கள் என்று அதற்குப் பெயர். கிருமிகளைப் பிடித்து விழுங்குவது இவற்றின் வேலை. நல்ல நாளில் சத்தமில்லாமல் நடக்கும்.

செப்சிஸ் வந்தால் ரத்தம் முழுக்கக் கிருமியும் கிருமியின் நச்சும் சுற்றுகின்றன. குப்ஃபர் செல்கள் ஓயாமல் விழுங்குகின்றன, மற்ற வெள்ளை அணுக்களையும் கூவி அழைக்கின்றன. கிருமியைக் கொல்ல இவை எறிகிற ஆயுதம் ஆக்ஸிஜனில் இருந்து செய்யப்பட்டது. நாம் மூச்சில் இழுக்கிற அதே ஆக்ஸிஜன்தான். ஆனால் வெறிபிடித்த வடிவத்தில், பக்கத்தில் எது இருந்தாலும் கடித்து வைக்கிற துகள்களாக இருக்கும். ஃப்ரீ ராடிக்கல் என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த இனம். கிருமி சாகும். ஆனால் குறி தப்பிய ஆயுதம் பக்கத்தில் இருக்கிற ஈரல் செல்லையும் சுடும்.

எப்படிச் சுடும்னு கேட்டா, அடுக்களையிலேயே உதாரணம் இருக்கு. திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் கொழுப்பைக் கெடுத்ததால் வருகிற வாடை அது. செல்லைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அது இதே மாதிரி கெட்டு ஓட்டை விழுந்தால், செல்லுக்குள் இருக்கிறது வெளியே கசியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து "ஈரல் என்சைம் ஏறியிருக்கு" என்று சொல்கிறார்களே, அப்படிக் கசிந்ததைத்தான் அளந்து சொல்கிறார்கள். இதோடு ரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால், ஈரலுக்குப் போதுமான ரத்தம் போகாமல் சேதம் இரட்டிப்பாகும். குடிக்காதவர்களுக்கும் ஈரல் கெடுவது இப்படித்தான்.

ஈரலின் சுழல் நிதி

அப்படியானால் செப்சிஸ் வந்த எல்லோருக்கும் ஈரல் போயிடணுமே? போவதில்லை. ஈரலுக்குள் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது அதுதான். அது டப்பாவில் விற்கிற ஒரே பொருள் இல்லை, வரிசையாக வேலை பார்க்கிற ஒரு கூட்டம்.

முதல் ஆள் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ். 1969-இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதன் வேலையைக் கண்டு சொன்னார்கள். வெறிபிடித்த ஆக்ஸிஜனை இது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. பெராக்ஸைடும் ஆபத்துதான். ஆனால் அடுத்த ஆள் தயாராக நிற்கிறார். அவர் கேட்டலேஸ், பெராக்ஸைடைத் தண்ணீராகவும் சாதாரண ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடுவார். புண்ணில் நர்ஸ் மருந்து ஊற்றும்போது நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீங்க. அந்த மருந்துதான் பெராக்ஸைடு, பொங்க வைப்பது நம் உடம்பில் இருக்கிற கேட்டலேஸ். பச்சை ஆட்டு ஈரல் துண்டில் அதே மருந்தை இரண்டு சொட்டு விட்டால் இன்னும் வேகமாகப் பொங்கும். ஈரலில் கேட்டலேஸ் அவ்வளவு அதிகம்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். குளூட்டாதயோன் என்று பெயர். புரதத்தில் இருந்து கிடைக்கிற மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்து உடம்பே செய்துகொள்வது. இதை அதிகமாகச் செய்து, தன் தேவைக்குப் போக ரத்தத்துக்கும் அனுப்பி வைக்கிற உறுப்பு கல்லீரல்.

இதை நம்ம குழு பாஷையில் சொல்லணும்னா, குளூட்டாதயோன் ஈரலின் சுழல் நிதி. ஒரு நச்சுத் துகளை அடக்கியதும் அது செலவாகிவிடும். ஆனால் தொலைந்து போகாது. இன்னொரு என்சைம் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வரும். கடன் கொடுத்தோம், திரும்பி வந்தது, அடுத்த உறுப்பினருக்குக் கொடுத்தோம் என்கிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படித் திருப்பி எடுக்கத் தேவையான சக்தி நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் உள்ள குளுக்கோஸில் இருந்து வருகிறது.

ஆபத்து கூடினால் உற்பத்தியையும் கூட்டுகிற ஒரு பொத்தான் செல்லுக்குள் உண்டு. என்.ஆர்.எஃப்.2 என்கிற புரதம் அது. சாதாரண நாளில் கட்டிப்போட்டு வைத்திருக்கும். நச்சுத் துகள்கள் பெருகினதும் கட்டு அவிழ்ந்து, செல்லின் மையத்துக்குப் போய் "பாதுகாப்புச் சாமான் இன்னும் செய்" என்று உத்தரவு போடும். இந்தப் புரதம் இல்லாமல் வளர்த்த சோதனை எலிகள், செப்சிஸ் வந்தபோது மற்ற எலிகளைவிட அதிகமாக இறந்தன.

நிதி எப்போது காலியாகும்?

எல்லா உறுப்பினரும் ஒரே நாளில் கடன் கேட்டால், திருப்பிக் கட்டவும் யாராலும் முடியாவிட்டால், எந்தக் குழுவும் தாங்காது. செப்சிஸில் அதுதான் நடக்கிறது. செலவு மளமளவென்று ஏறும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காததால் வரவு குறையும். நேரம் போகப் போக இருப்பு கரையும்.

சிலருக்கு இருப்பு ஆரம்பத்திலேயே குறைவு. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு மெலிந்து போன பெண்களுக்குக் குறைவு. தினமும் குடிக்கிறவர்களுக்குக் குறைவு.

இன்னொரு செலவையும் கவனிக்கணும். காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சாக மாறும். அதை அடக்குவதும் இதே குளூட்டாதயோன்தான். அளவோடு போட்டால் பயமில்லை, நல்ல மருந்து. ஆனால் ஒரு கடையில் ஒரு பெயர், இன்னொரு கடையில் வேறு பெயர் என்று வாங்கிப் போட்டால், இரண்டிலும் இருப்பது பாராசிட்டமாலாகவே இருக்கலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடவே கூடாது. மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு, டாக்டரைக் கேட்டுத்தான் போடணும்.

டானிக் காப்பாற்றுமா?

குறைந்து போன ஆன்டி-ஆக்ஸிடன்ட்டை ஊசியில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்று ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். வைட்டமின் சி-யை அதிக அளவில் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த சுமார் 870 செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வைட்டமின் சி ஏற்றப்பட்டவர்களில் 44.5 சதவீதம் பேர் 28-ஆம் நாளில் இறந்திருந்தார்கள் அல்லது உறுப்புக் கோளாறு நீங்காமல் இருந்தார்கள். ஏற்றப்படாதவர்களில் அது 38.5 சதவீதம். அதாவது உதவவில்லை, நிலைமை மோசமாகத்தான் தெரிந்தது.

குளூட்டாதயோன் செய்ய உதவுகிற என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்து, பாராசிட்டமால் அதிகமாகிப்போனவர்களுக்கு உயிர் காக்கும். சீக்கிரம் கொடுக்கணும், 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். அதே மருந்து செப்சிஸில் உயிர் காக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை.

காரணத்தை யோசித்துப் பாருங்க. கிருமி உள்ளே இருக்கிற வரைக்கும் போர் நிற்காது. குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது அண்டாவை மாற்றி மாற்றி வைத்து என்ன பயன்? முதலில் குழாயை அடைக்கணும். செப்சிஸில் குழாயை அடைப்பது என்பது சரியான ஆன்டிபயாடிக், சீழ் இருந்தால் அதை எடுப்பது, ரத்த அழுத்தம் விழாமல் சலைன் ஏற்றுவது. செப்சிஸில் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றுகிற வழிகாட்டுதல். ஈரலைக் காப்பதும் அந்த வேகம்தான்.

அதனால் டானிக் வாங்குகிற காசைச் சாப்பாட்டில் போடுங்க. முட்டை, பருப்பு, பயறு, கடலை, கருவாடு, கீரை, நெல்லிக்காய் இவையெல்லாம் ஆரோக்கியமாக இருக்கும்போதே இருப்பைச் சேர்க்கிற சேமிப்பு. சேமிப்பு முன்னாடியே கட்டணும், ஆபத்து வந்த அன்றைக்குக் கட்ட முடியாது. காய்ச்சலோடு கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூணு நாள் பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீங்க. அந்த மஞ்சள், ஈரல் திணறுகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

எப்போது ஓடணும்?

காய்ச்சலோ, புண்ணோ, சமீபத்தில் பிரசவமோ இருந்து, கீழே சொல்கிறதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது:

- மூச்சு வேகமாக வாங்குவது
- பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, எழுப்பினாலும் தூங்கி வழிவது
- நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகாதது
- கை கால் சில்லிட்டு வியர்ப்பது, உடம்பு உதறுகிற குளிர்
- கண் மஞ்சளாவது, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது
- பிரசவித்த பெண்ணுக்கு வயிற்று வலியோடு கெட்ட வாடையடிக்கிற கசிவு
- கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது

காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க. அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே போன்ற மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும், வெட்கப்பட்டு மறைக்காதீங்க. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. செப்சிஸா என்று சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்கலாம்.

நம் தீர்மானம்

நம்ம பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பது அறியாமையால் மட்டும் இல்லீங்க. "இன்னிக்குக் கூலி போயிடும்", "கையில் பஸ்ஸுக்குக்கூட காசில்லை", "வெள்ளிக்கிழமை கூட்டம் வரட்டும், உள்கடன் கேட்டு வாங்கிட்டுப் போறேன்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். செப்சிஸ் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காது.

ஆகவே சுகாதார உபகுழு முன்வைக்கிற தீர்மானம் இது. ஒவ்வொரு குழுவும் மருத்துவ அவசரத்துக்கு என்று ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் பாங்க் திறந்திருக்காது. அதனால் அதில் ஒரு பகுதி கையிருப்பாக இருக்க வேண்டும். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் போனில் பேசி முடிவெடுத்து அந்த நேரத்திலேயே கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். துணைக்கு ஒரு உறுப்பினர் கூடப் போக வேண்டும். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரலுக்குள் இருக்கிற சுழல் நிதி சில மணி நேரம்தான் தாக்குப் பிடித்துக் கொடுக்கும். அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டு சேர்ப்பது குழுவின் சுழல் நிதியால் முடியும். எல்லாக் குழுக்களும் இந்த மாதமே பேசி, முடிவை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.