கேமரன் மலைக்கு எந்தக் கொடி?

குளிர்காலத்தில் பூக்கும் கொடிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவில் ஏது குளிர்காலம் என்று கிள்ளானிலும் ஈப்போவிலும் இருப்பவர்கள் சிரிக்கலாம். கோலா தெர்லாவில் விடிகாலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். கேமரன் மலையில் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15க்குக் கீழேயும் இறங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செடிக்குக் குளிர்காலம் என்றால் குளிர் மட்டுமல்ல, பகலின் நீளமும்தான். நம் அவரைக்கொடியையே பாருங்கள். தமிழ்நாட்டில் ஆடியில் ஊன்றும் நாட்டு அவரை மாதக்கணக்கில் இலையாகவே படரும். பகல் குறுகிய பிறகுதான், கார்த்திகை மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பொங்கலுக்குக் காய் வந்துவிடும். நம் மலையிலோ டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல். ஆகவே வெளிநாட்டு விதைப் பையில் அச்சிட்டிருக்கும் மாதத்தை அப்படியே நம்பக்கூடாது.

ஸ்வீட் பீ என்ற வாசனைப் பட்டாணிப் பூ நல்ல உதாரணம். இதில் கோடையில் பூக்கும் ரகம், வசந்தத்தில் பூக்கும் ரகம், குளிர்காலத்தில் பூக்கும் ரகம் என்று உண்டு. கோடை ரகத்துக்கு நீண்ட பகல் வேண்டும். இங்கே இலையும் தண்டுமாக வளர்ந்து ஏமாற்றும். குளிர்கால ரகம் குறுகிய பகலிலேயே பூப்பதால் நமக்கு ஏற்றது. அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சற்றுக் குறையும். அதனால் நவம்பர் கடைசியில் கூரைக்கடியில் விதையுங்கள். முதல் நாள் இரவு விதையை ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். பூத்ததும் அடிக்கடி பறியுங்கள். காய் பிடிக்க விட்டால் கொடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும்.

சீனாவிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மொட்டு மல்லிகைக்கு இரவுக் குளிர் பட்டால்தான் மொட்டு கட்டும். கீழே பட்டணத்தில் வாங்கி வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. பூத்து முடிந்தவுடன் கத்தரித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த பூவையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

பிரேசிலின் ஆரஞ்சுக் கொடி பைரோஸ்டீஜியாவுக்கு நல்ல வெயிலும் சில வாரம் ஈரமில்லாத மண்ணும் தேவை. பனிமூட்டம் தங்கும் மூலையில் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது தன்பெர்ஜியா மைசோரென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக்கொடி, அதாவது நம் முன்னோர்களின் ஊர்ப்பக்கத்துக் கொடிதான். மஞ்சளும் செங்கல் சிவப்புமாகப் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். தேன்சிட்டுகள் தேடி வரும். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குப் பந்தல் போடுங்கள். சுவரில் ஏற்றினால் அதன் அழகு தெரியாது. முல்லைக்குப் பாரி தேரையே கொடுத்தான், நாம் நாலு மூங்கிலாவது கொடுக்க வேண்டாமா?

நீல மார்னிங் குளோரியை மட்டும் கொண்டுவராதீர்கள். தண்டு தரையைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதைக் களையென்று ஒழிக்கப் பாடுபடுகிறார்கள்.

இனித் தோட்டத்து வீடுகள். பலகைச் சுவரிலும் தகரக் கூரையிலும் கொடியை நேராக ஏற்றினால் ஈரம் தங்கிப் பலகை உளுக்கும், பீலி அடைக்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பி கட்டுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்தால் வீட்டை ஒப்படைக்க வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இருபது வருடம் வளர்த்த மல்லிகையை விட்டுவிட்டுப் போகும் அம்மாக்களின் வருத்தம் சின்ன விஷயமல்ல. அப்படிப்பட்டவர்கள் மல்லிகையைப் பெரிய தொட்டியில் வளர்த்துச் சிறு சட்டத்தில் சுற்றிவிடலாம். கூடவே வந்துவிடும்.

பந்தல் போட இடமில்லையென்று வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டாதீர்கள். 2024 ஜனவரி 26ஆம் தேதி, பக்கத்தில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். மேட்டில் கொடி படர்ந்திருந்தால் மண் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. இலை மண்ணை மூடும், ஆழத்தில் பிடிக்காது. அந்த வேலைக்கு வெட்டிவேர் வைக்கலாம். கொடிக்குச் சமதரையில் ஒன்றரை அடிக் குழி போதும். அடியில் கல் போட்டு நீர் வடிய விடுங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. ஸ்வீட் பீ விதை பட்டாணி போலவே இருக்கும், ஆனால் நச்சு. மிச்ச விதையைச் சமையலறையில் வைக்காதீர்கள்.