பூட்டு விற்றவனிடம் கள்ளச் சாவி
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



உளவாளி என்றால் இருட்டில் சுவர் ஏறிக் குதிப்பவன் என்று எண்ணுகிறோம். அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ., சுவர் ஏறாமலே உலகத்தின் ரகசியங்களைப் படித்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு சர்க்கார் தன் தூதர்களுக்கும் ராணுவத்துக்கும் செய்தி அனுப்பும்போது, வழியில் பிறர் படிக்காதபடி எழுத்துக்களைக் குலைத்து அனுப்புகிறது. குலைப்பதற்கும், மறுமுனையில் திரும்பச் சேர்ப்பதற்கும் யந்திரம் உண்டு. ஸ்விட்ஜர்லாந்தில் கிரிப்டோ ஏ.ஜி. என்ற கம்பெனி அந்த யந்திரங்களைச் செய்து விற்றது. நடுநிலை நாட்டுச் சரக்கு என்று நம்பி 120க்கு மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தப் பட்டியலில் உண்டு.

1970ல் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவு ஸ்தாபனமும் அந்தக் கம்பெனியையே ரகசியமாக வாங்கிவிட்டன! தங்களுக்கு மட்டும் சுலபமாக அவிழும்படி யந்திரத்தைச் செய்து விற்றார்கள். பூட்டையும் விற்றான், கள்ளச் சாவியையும் வைத்துக் கொண்டான். விலை கொடுத்தவன் யார்? ஒட்டுக் கேட்கப்பட்டவனே! அந்த லாபத்தையும் இருவரும் பங்கிட்டுக் கொண்டார்கள். 1982ல் ஃபாக்லந்து தீவுகளுக்காக அர்ஜென்டினா போரிட்டபோது, அதன் ரகசியச் செய்திகள் எதிரியான பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கம்பெனியில் உழைத்தவர்கள் கதி என்ன? பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. சிரியா வாங்கிய யந்திரத்தின் பலவீனத்தைக் கண்டு திருத்திக் கொடுத்த எஞ்சினியர் 1977ல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். வேலையை ஒழுங்காகச் செய்ததே குற்றம்! ஹான்ஸ் பியூலர் என்ற விற்பனையாளர் 1992ல் ஈரானில் உளவாளி என்று கைதானார். ஒன்பது மாதம் சிறை, ஓயாத விசாரணை. சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. கள்ளச் சாவி இருப்பது அவருக்கே தெரியாது. பத்து லட்சம் டாலர் கட்டி மீட்டார்கள். ஊர் திரும்பியதும் வேலையிலிருந்து நீக்கி, அந்தப் பணத்தையும் அவரிடமே கேட்டார்கள்!

ஜெர்மன் ஸ்தாபனம் 1993ல் விலகியது. சி.ஐ.ஏ. 2018 வரை நடத்தியது. 2020 பிப்ரவரியில்தான் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின.

தோழர்களே, யந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. தறியும் யந்திரம்தான், பம்பு செட்டும் யந்திரம்தான். அதன் சொந்தக்காரன் யார், யாருக்காக அது ஓடுகிறது என்பதே கேள்வி. அன்று சர்க்காரின் செய்தி களவு போயிற்று. இன்று நம் சட்டைப் பையிலேயே டெலிபோன் இருக்கிறது. கூலிப் பேச்சும் சங்கப் பேச்சும் அதில்தான் போகின்றன. விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்!