ஏரியின் வளைவும் கணினிப் படமும்

(திருவண்ணாமலையில் ஊராட்சி அன்பர்கள், விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஏரியின் எல்லையைக் கணினியில் வரைவது எவ்வாறு, அங்ஙனம் வரைந்த படத்தை நாம் சோதித்தறிவது எவ்வாறு என்பது குறித்துச் சிறிது பேச முன்வந்துள்ளோம். இது பொறியாளர்களின் வேலை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். வரைபவர் பொறியாளரே. ஆனால் ஏரி எங்கே வளைகிறது, ஓடை எங்கே வந்து சேர்கிறது என்பதை அறிந்தவர் ஆயக்கட்டு விவசாயி அல்லவா?

நம் ஊர்க் கிரிவலப் பாதையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் உள்ளன. அந்த எட்டு இடங்களை மட்டும் குறித்துக் கணினியிடம் கொடுத்து, நேர்கோடுகளால் இணைக்கச் சொன்னால் எட்டு மூலை உருவம் ஒன்று கிடைக்கும். அதன் சுற்றளவு பாதையின் நீளத்தினும் குறைவாகவே இருக்கும். வளைகோட்டால் இணைக்கச் சொன்னாலோ, அழகியதோர் உருவம் வரும். பார்ப்பதற்கு உண்மைப் பாதை போலவே தோன்றும். ஆயினும் இரண்டு லிங்கங்களுக்கு இடையே பாதை எங்கெங்கே திரும்புகிறது என்பது கணினிக்குத் தெரியாது. நாம் கொடாத செய்தியை அது தன் கணக்கினால் இட்டு நிரப்புகிறது. நேர்கோட்டுப் படத்தைக் கண்டால் எவரும் ஐயுறுவர்; வளைகோட்டுப் படத்தைக் கண்டால் நம்பிவிடுவர். அதுவே இதிலுள்ள அபாயம்.

இவ்வளைகோடுகள் பிறந்த கதை சுவையானது. முற்காலத்தில் கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஆங்காங்கே ஈயக் குண்டுகளை வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுத்தனர். பிரான்சு நாட்டில் மோட்டார் வண்டியின் உடலமைப்பை வரைவதற்காக, சித்ரோயன் தொழிற்சாலையைச் சேர்ந்த பால் டி காஸ்தெல்ஜோ என்பவர் 1959ஆம் ஆண்டில் அதனைக் கணக்கு முறையாக்கினார். ரெனோ தொழிற்சாலையின் பியேர் பெசியே என்பவரும் தனியே அதே வழியைக் கண்டார். வளைகோட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்பவர் கணினித் திரையின்மேல் ஒளிப்பேனாவால் வரையும் முறையை உருவாக்கினார். இரண்டு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று ஒருமுறை கட்டளையிட்டால், ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் தானே சரிப்படும். இன்றைய வரைவு மென்பொருள்கள் யாவும் அவ்வழி வந்தவையே. விலையின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்னும் மென்பொருளில், எல்லா அளவுகளும் நிபந்தனைகளும் குறைவின்றி அமைந்தவுடன் கோடுகள் பச்சை நிறமாக மாறும். அந்தப் பச்சை, படம் தன்னளவில் முழுமை பெற்றது என்பதற்கே அடையாளம். ஏரியோடு ஒத்திருக்கிறது என்பதற்கு அன்று.

மென்பொருளில் வளைகோடு இருவகைப்படும் என்பதை அனைவரும் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். நம் இல்லத்துப் பெண்மணிகள் வாசலில் இடும் கோலமே இதற்குச் சிறந்த உதாரணம். ஒருவகைக் கோலத்தில் கோடு புள்ளிகளின் மேலேயே சென்று அவற்றை இணைக்கிறது. சிக்குக் கோலத்திலோ, கோடு புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றிக்கொண்டு போகிறது. கணினியிலும் அவ்வாறே. ஒருவகை வளைகோடு நாம் கொடுத்த புள்ளிகளின் வழியாகவே செல்லும். மற்றொரு வகையில், இடையிலுள்ள புள்ளிகள் கோட்டைத் தம்பக்கம் இழுக்குமேயன்றிக் கோடு அவற்றைத் தொடாது. மோட்டார் வண்டிக்கு இரண்டாவது வகை மிகவும் ஏற்றது. அளந்து நட்ட கல்லுக்கு அது ஆகாது.

ஆகாது என்பதைக் கணக்கினால் காட்டுவோம். ஏரியோரத்தில் இரண்டு இடங்களுக்கு இடையே 60 மீட்டர் நேர்தூரம். நடுவில் நீர்ப்பரப்பு 6 மீட்டர் வெளியே வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவு சீரானதாயின் நேர்கோட்டுக்கு வெளியே உள்ள நிலம் 60ஐ 6ஆல் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 240 சதுர மீட்டர். ஏறத்தாழ 6 சென்ட். இரு முனைகளை மட்டும் அளந்து நேர்கோடு போட்டால் இந்த 6 சென்டும் ஏரிக்கு இல்லை. நடுவில் ஒரு புள்ளியைச் சேர்த்து இரண்டு நேர்கோடுகளாக்கினால் விடுபடுவது 60 சதுர மீட்டர். அதாவது ஒன்றரை சென்ட். மேலும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் 15 சதுர மீட்டரே. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றாகக் குறைவதைக் காண்க. இரு முனைகளும் நடுப்புள்ளியுமாகிய மூன்று புள்ளிகள் வழியே செல்லும் வளைகோட்டை வரைந்தால் 240ம் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் அதே மூன்று புள்ளிகளைக் கொடுத்து, இழுக்கும் வகை வளைகோட்டைப் போட்டுவிட்டால், கோடு நடுவில் 3 மீட்டர்தான் எட்டும். 120 சதுர மீட்டர், ஏறக்குறைய 3 சென்ட், போய்விடும். எவரும் வேலியை நகர்த்தவில்லை, ஒரு கல்லும் பிடுங்கப்படவில்லை. படம் மட்டும் சுருங்கிற்று.

மற்றொரு செய்தி. எஃப்.எம்.பி. என்று வழங்கும் புலப்படம் நம் மாநிலத்தில் பழமையானது. புலத்தின் ஊடே ஒரு கோட்டை அளந்து, அதிலிருந்து எல்லையின் ஒவ்வொரு முனைக்கும் செங்குத்தாக அளவெடுத்து எழுதி வைத்தனர். அந்த எண்கள் இருப்பதனால்தான் கல் காணாமற்போனாலும் திரும்ப நடமுடிகிறது. இப்படங்கள் கொலாப்லேண்ட் என்னும் மென்பொருள் வாயிலாகக் கணினிக்கு ஏற்றப்பட்டு, அரசின் மின் சேவைத் தளத்தில் காணக் கிடைக்கின்றன. தூர்வாரும் பணிக்குப் படம் வரைவோர், அழகு கருதிப் புலப்படத்தின் முனைகளை வளைவாக்குதல் தகாது. முனைக்கு முனை நேர்கோடாக அளந்த எல்லை நேர்கோடாகவே இருக்கவேண்டும். முழுக்கொள்ளளவில் நீர் நிற்கும் விளிம்பு வேறு. அது இயற்கையாகவே வளைந்தது, மட்டம் பார்த்து வரையவேண்டியது. இவ்விரண்டையும் ஒரே நிறத்தில் ஒரே கோடாகப் போட்டுத் தருவாராயின், பிரித்துக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம்.

படம் கிராம சபைக்கு வரும்போது, அளந்த புள்ளிகளும் அதில் தெரியவேண்டும். புள்ளிகள் சம தூரத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. கரை நேராக ஓடும் இடத்தில் சிலவே போதும். திருப்பங்களிலும், ஓடை வந்து விழும் இடத்திலும், கலங்கலின் இருபுறமும், மதகின் அருகிலும் நெருக்கமாக வேண்டும். பிறகு, அளவெடுக்காத மூன்று இடங்களைத் தெரிந்து, அருகிலுள்ள எல்லைக் கல்லிலிருந்து நாடாவால் அளந்து, படத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோடையில் ஏரி வற்றியிருக்கையில் இது எளிது. சீமைக் கருவேல முள் அடர்ந்த பக்கத்தில்தான் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன. உள்ளே நுழைய இயலாமல் இரு முனைகளை மட்டும் அளந்து திரும்பிவிடுவர். நில அளவர் வருவதற்கு முன்னரே அப்பக்கத்து முள்ளை வெட்டி ஓர் ஒற்றையடிப் பாதையாவது செய்துவைப்பது நலம்.